கல்லின் கால்

அன்புள்ள அம்மாவுக்கு, யுன்ஹே வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். சித்தப்பா நலமா என்று சொல்லத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்கிறது. தையல் ஆலையில் இன்னும் இரவு வேலை உண்டா? கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோதுமை வயலில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தோண்டிய கறுப்புக் கல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் புறப்பட்டபோது சண்டை பேச்சளவில்தான் இருந்தது. அழகுக்கு நிறுத்திவைக்க மரப்பீடம் செதுக்கிவிட்டால் கல்லுக்கு மேல் எது, கீழ் எது என்று முடிவாகிவிடும் அல்லவா? அப்பாவுக்கு அது மலை. கவிழ்த்து வைத்தால் மேகம் என்பது சித்தப்பாவின் கட்சி. “மலையாம் மலை, எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கு” என்றார் சித்தப்பா. “உன் மேகத்துலேர்ந்து ஒரு சொட்டு விழுந்தா சொல்லுடா” என்றார் அப்பா. அன்றோடு அடுப்பு இரண்டானது, முற்றத்தின் நடுவே சுவரும் வந்தது. கடைசியில் கல்லை அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். இருவருக்கும் நடுவே சேதி கொண்டுபோனது நான்தான். அறுக்கும் சேதியைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அறுப்பவர் வரவிருந்த காலையில் கல்லைக் கழுவினேன். பட்டறையில் மணல் தட்டில் மூன்று முளை நட்டு, அவற்றின்மேல் கல்லை நிறுத்தித்தான் பீடத்துக்கு அளவு பார்ப்போம். கடைசியாக ஒருமுறை அப்படிப் பார்க்கத் தோன்றியது. அப்பா சொன்னபடி நிறுத்தித் தட்டினேன். டொக்கென்றது. சித்தப்பா சொன்னபடி கவிழ்த்தேன். அப்போதும் டொக். பிறகு, யாரும் நினைக்காத ஒல்லியான பக்க முனையைக் கீழே வைத்து, முளைகளை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினேன்.

அம்மா, அது பாடியது என்றால் சிரிப்பீர்கள். தட்டிய விரலிலிருந்து தோள்வரை ஏறியது ஓசை. வாளித் தண்ணீர்கூட நடுங்கியது என்றே நினைக்கிறேன். அவ்வளவு சிறிய காலில், அத்தனை கனமும் வெளியே சாய்ந்து, விழப்போவதுபோல் விழாமல் நின்றது. மண்ணுக்குள் எத்தனை காலம் படுத்துக் கிடந்ததோ, இன்றுதான் எழுந்ததுபோல் இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அறுப்பவர் வந்தபோது கல்லுக்கு முன்னால் போய் நின்று, அறுக்க வேண்டாம் என்றேன். “இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா? ஊமைன்னுல்ல நெனச்சேன்” என்றார். பக்கத்தில் நின்ற அப்பா சிரிக்கவில்லை. சுவர்மேல் எட்டிப் பார்த்த சித்தப்பா, “இன்னொரு தடவ தட்டும்மா” என்றார். தட்டினேன். ஓசை அடங்கும்வரை மூவரும் தலையைச் சாய்த்தபடியே நின்றார்கள். அப்பா அறுப்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இலந்தை மரத்தில் பீடம் செதுக்குகிறேன். கல்லின் ஒரு மேடுகூடத் தேயக்கூடாது. மரம்தான் வழிவிட வேண்டும். இருவரும் வந்து பார்க்கிறார்கள், ஆனால் தனித்தனியாக.

பீடத்தில் குடைந்த பள்ளத்தில் கல்லை விளிம்பு உரசாமல் நேராக இறக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். அவர்களை ஒரே நேரத்தில் கூப்பிட எனக்குத் தைரியம் போதாது. நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். புத்தாண்டுக்கு விடுப்புக் கேளுங்கள், அம்மா. அதுவரை மெதுவாகவே செதுக்குகிறேன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
யுன்ஹே