எண் 17

2024 ஜூன் 10, திங்கள்

ஆரணியிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே பயணம். ஆய்வகத்துக்குப் பழைய சிறுநீரகத் திசுக்கள் வந்திருக்கின்றன. பெயர் இல்லை, எண் மட்டும். கான்ஃபோகல் நுண்ணோக்கியின் லேசர் அடுக்கடுக்காக இறங்கிப் படமெடுக்கும். அந்த அடுக்குகளைக் கணினி சேர்த்தால் திசு முழு உருவத்தோடு திரையில் நிற்கும்.

ஜூன் 12

எண் 17. ஆண், 24 வயது. திசு எடுத்த நாள் 2022 மார்ச் 3.

அதே நாள்தான் திசுவை ஆராய்ச்சிக்கும் தருகிறேன் என்று தம்பி தமிழ்வாணன் கையெழுத்துப் போட்ட நாள். பக்கத்தில் நான்தான் நின்றேன். இருபது நாளில் போய்விட்டான்.

வேறு யாராவதாக இருக்கலாம். இருக்கலாம் இல்லையா?

ஜூன் 13

எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நாற்பது அடுக்கு எடுத்தேன். இரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிறுநீரகத்தை வேகமாகக் கெடுக்கும் இந்த நோயில் அவற்றைச் சுற்றிச் செல்கள் பிறை போலக் குவியும். நாளானால் தழும்பாக இறுகும். இவை இறுகவில்லை. எல்லாம் புதிது, மருந்துக்குக் கேட்கக்கூடியது. சில வாரம் முன்னால் வந்திருந்தால் —

ஜூன் 14

கண்ணை மூடினால் திரையில் பார்த்த அந்தத் திசு, சாயத்தின் பச்சையில் சுழல்கிறது.

2021 டிசம்பரிலேயே தம்பி காலைக் காட்டினான். "கால் வீங்கிகினே இருக்குதுக்கா." களம்பூர் அரிசி மில்லுல நாள்பூரா நின்னா வீங்காதா, என் பரீட்சை முடியட்டும், டாக்டர்கிட்ட கூட்டினு போறேன்னேன். பரீட்சை பிப்ரவரியில்தான் முடிந்தது. என்ன பண்ணிட்டேன் நான்?

ஜூன் 17

என் வழிகாட்டி பலராமன் சாரிடம் சொன்னேன். எண் 17 இருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத நீங்க தொடக்கூடாதும்மா. ஒரு துண்டு திசுவ வச்சு எதையும் உறுதியா சொல்லவும் முடியாது."

எண் 17 இப்போது உடன் படிக்கும் மணிமேகலையிடம்.

ஜூன் 21

"எவ்ளோ அழகா வந்திருக்கு பாரு சுபா" என்று, விஷயம் தெரியாத மணிமேகலை திரையைத் திருப்பினாள். பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கமலம் அத்தை வந்திருந்தார். அம்மா வழக்கம்போல, "நான்தான் கஷாயம் குடுத்து நாள கடத்திட்டேன்" என்றாள். அத்தை போனதும் சொல்லிவிட்டேன்.

"நீ இல்லம்மா. நான்தான். டிசம்பர்லயே எங்கிட்ட காட்டினான்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும்டி. போறதுக்கு முன்னாடி அவனே சொன்னான். அக்காவ எதுவும் கேக்காதன்னான்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் கஷாயம், கஷாயம்னு சொல்லிகினு இருக்க?"

"ஏன் லேட்டுன்னு கேக்கறாங்களே. எதனா சொல்லணும்ல."

"கஷாயம் குடுத்தியா இல்லியா?"

"ஒரு நாள்கூட இல்ல."

சாயங்காலம் அத்தை வீடு வரை நடந்துபோய், தள்ளிப்போட்டது அம்மா இல்லை, நான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.