நூல் வைத்த பக்கம்

கோவித்துக்கொண்டு போன மகராசிக்கு,

சிரிக்காதேடி. நாலாம் வகுப்போடு நின்ற நான், இந்த வயசில் காதல் நாவல் படிக்கிறேன். அதுவும் மருமகள் கண்ணில் படாமல் காய்கறிப் பைக்குள் ஒளித்துவைத்து.

நம்ம அம்பத்தூர் தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நீ வாசிப்பாய், நான் கேட்பேன். இப்போது விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறேன். ஹீரோ ஜீப்பிலிருந்து இறங்கவே எனக்கு ரெண்டு நாள் ஆகிறது.

அன்றைக்கு நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உன் வீட்டுக்கார ஹீரோ தீப்பெட்டி வாங்கப் போய் மூணு வருஷம் ஆச்சே, இன்னும் கடை திறக்கலையாடி?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அடையாளத்துக்குத் தையல் நூல் வைத்துப் புத்தகத்தை மூடினாய். அந்த வாரமே வேலையையும் விட்டாய்.

நீ விட்டுப்போன அதே புத்தகம்தான், அந்த நூல் வைத்த பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். கதை ஹீரோ அடியாட்களை அடிக்கிறான், ஹீரோயினுக்குக் குடை பிடிக்கிறான், எல்லாம் ஜோராக இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அவளைத்தான். ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒத்தையாக இட்லிக் கடை போட்டு நிற்கிறாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் உன் மூக்குத்திதான் தெரிகிறது.

சொல்ல வேண்டியதை நேரில் சொல்லி, புத்தகத்தையும் கொடுக்கலாம் என்று நேற்று முகப்பேருக்கு பஸ் ஏறினேன். வழியில் அவன் அவள் கையைப் பிடித்தான். அந்தப் பக்கத்தை முடித்து நிமிர்ந்தால் முகப்பேர் தாண்டி பூந்தமல்லி. கண்டக்டர் இறங்கச் சொன்னார், இறங்கினேன்.

புத்தகம் சீட்டிலேயே போய்விட்டது. நூல் மட்டும் என்னிடம் இருக்கிறது.

பாதிக் கதையோடு நிற்கும்
உன் வாயாடி