இருபது யூரோப் பந்தயம்

ஐலா,

தோற்றால் நான் உனக்குத் தர வேண்டியது இருபது யூரோ. உனக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்ட அன்று, "என் உடம்புல இது வேலை செய்யாது, பந்தயம் கட்டுறியா?" என்றாய். "காசு போச்சுடி உனக்கு" என்று சிரித்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் சனிக்கிழமை மர அறுவை மில் ஆட்களோடு சௌனாவில், அந்த நீராவி அறையில், உட்கார்ந்தேன். அவர்களில் ரெய்யோ இருமிக்கொண்டே இருந்தான். "இந்தச் சூட்டுல எந்தக் கிருமிடா பிழைக்கும்?" என்று சூடேறிய கல்லில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். இப்போது எனக்குக் காய்ச்சல்.

நர்ஸுக்குப் போன் போட்டேன். "ஊசிங்கிறது திருடன் முகத்தைக் காவல்காரனுக்குக் காட்டி வைக்கிறது. மாத்தி வச்ச கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்க உங்க மனைவி சாப்பிடுற மாத்திரை அந்தக் காவல்காரனையே தூங்க வைக்குது. அரைத்தூக்கத்துல முகம் பதியலாம், பதியாமலும் போகலாம்" என்றாள்.

"மாத்திரையை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நிறுத்தினா கிட்னி போயிடும்."

போனை வைத்துவிட்டுப் போர்வையைச் சுருட்டினேன்.

நான் தோட்டத்துச் சௌனாவில் படுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் வராதே. பட்டாணி சூப் டின் அலமாரியில் இருக்கிறது, நீயே சுடவைத்துக்கொள். பத்து மணிக்கு நர்ஸ் வருவாள். உடம்பு லேசாகச் சுட்டாலும் அவளிடம் மறைக்காதே.

வெய்க்கோ

எழுந்ததும் சமையலறை விளக்கைப் போடு. இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பந்தயம் முடியும்வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை. இப்போதே தோற்றுவிடுகிறேன். இருபது யூரோ, சில்லறையாக, சோப்புப் போட்டுக் கழுவி, காப்பி டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன். கணக்குத் தீர்ந்தது. இதைப் படித்ததும் கையைக் கழுவு.