கூட இருப்பவரின் மாத்திரை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடுதான் டூட்டி. வெள்ளிக்குள் ஆராய்ச்சித் தலைப்பு கொடுக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்ஸிங் சேர்ந்தபோது இப்படி மண்டை காயும் என்று யாரும் சொல்லவில்லை.

எழுதி அடித்தவை: சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு (போன வருடமே செய்துவிட்டார்கள்). தாய்ப்பால் (எல்லா வருடமும்). நாற்று நடும் பெண்களின் இடுப்பு வலி. நடவு முடிகிற நேரம், யாரைப் பிடிப்பது?

அறைத்தோழி பர்வீன், கூத்தாநல்லூர்க்காரி, தலைப்பை முடித்துவிட்டாள். பாடம் நடத்தும் முன் ஒரு பரீட்சை, நடத்திய பின் ஒரு பரீட்சை. மார்க் கூடும், டிகிரி வரும். என்னையும் அதையே செய்யச் சொல்கிறாள். சரிதான். ஆனால் எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

கைடு மேடத்திடம் புதிதாக மூன்று தலைப்பு. மூன்றும் அவுட். புதிதாகவும் இருக்க வேண்டுமாம், சீக்கிரம் முடியவும் வேண்டுமாம். நல்ல கதை. மெஸ்ஸில் ரசம் மட்டும் உருப்படி. ஷூ அடி பிய்ந்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

ஆண்கள் மெடிக்கல் வார்டு. ஒரு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்ததும் தள்ளாடினார். கட்டிலில் அவர் கணவர், சீர்காழிப் பக்கம். அம்மாளுக்கு பி.பி. பார்த்தேன். எக்கச்சக்கம். மாத்திரை உண்டாம், வீட்டில் இருக்கிறதாம். இங்கே வந்ததிலிருந்து போடவில்லை. டூட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியில் சொன்னார்:

"அவரு நல்லாயி வீட்டுக்கு வரட்டும்மா, அப்புறம் போட்டுக்குறேன்."

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அம்மாதான் கூட இருந்தாள். அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே அம்மாவுக்குப் பக்கவாதம். ஏன் மாத்திரை போடவில்லை என்று கேட்டதற்கு, வாய் குழற அவள் சொன்னதும் இதேதான்.

தலைப்பு எழுதிவிட்டேன்: நோயாளியோடு தங்குகிறவர்கள் தங்கள் மாத்திரையைப் போடுகிறார்களா? எழுதியதும் பயம். இது வேண்டுமா எனக்கு?

நவம்பர் 7, வெள்ளி

வெயில். மேடம் படித்துவிட்டு, கூட இருப்பவர்கள் நம் பேஷண்ட் இல்லையே என்றார். அதுதான் மேடம் தலைப்பே என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றார். அம்மாவைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன்.

பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார்.

"உங்கம்மா பதில எழுதிக் கொண்டாந்துடாத. மத்தவங்க சொல்றத எழுது."

நவம்பர் 9, ஞாயிறு

ஊருக்கு. திருவாரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே. வாய்க்கால் முட்ட ஓடுகிறது. எங்கள் வயலில் தண்ணீர் வடியவில்லை, அப்பா மண்வெட்டியோடு அங்கேயே.

அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே தலைப்பைச் சொன்னேன். தன்னிடமும் கேள்வி கேட்பேனா என்றாள். முடியாதும்மா, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"நானும் இருந்தேன்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

போட்ட பின்னலை அவிழ்த்து, மறுபடி வாரினேன்.