நாலும் எட்டும் இல்லாத எண்கள்

3 மார்ச் 1987, ஈப்போ

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் இதில் எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காததையும்.

ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபின் அங்கே வேலை செய்த அப்பாவுக்கு வேலை இல்லை. நவமணி அக்காவின் தொழிற்சாலை வேலையை நம்பித்தான் டவுனுக்கு வந்தோம். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவார்களாம். இயந்திரங்களுக்குள் பொருத்தும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒவ்வொன்றிலும் ஒரு தனி எண்ணைப் பதிப்பது அவள் வேலை. ஏன் தனி எண் என்று கேட்டேன்.

“தோட்டத்து லயத்துல ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டா தபால்காரன் யாருகிட்ட குடுப்பான்? அதே மாதிரிதான்லா. ஒரே கேபிள்ல மாட்டினா ரெண்டும் குழம்பிப் போயிரும்.”

7 மார்ச்

அக்காவோடு ஒரே மேசையில் வேலை செய்பவள் ஆ லியான் என்ற சீனப் பெண். நாலு என்றால் அவளுக்குச் சாவு; சீனத்தில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். அக்காவுக்கு எட்டு என்றால் சனி. அதனால் நாலிலும் எட்டிலும் முடிகிற எண்களை விட்டுவிட்டே போடுகிறார்கள்.

“நாலு அவளுக்காக, எட்டு எனக்காக. நம்பருக்கா பஞ்சம்?”

எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

16 மார்ச்

அக்கா சாப்பிடவில்லை. பினாங்கில் வாங்கியவர்கள் போர்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல போர்டுகளில் ஒரே எண்! பழி பெட்ரீசியா மேல். இந்த மாதம் புதிதாகத் தொடங்கிய இரவு வேலைக்கு வருபவள்.

17 மார்ச்

அக்கா சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரீசியா, பகலில் முடிந்த போர்டுகளை எண்ணி, அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்குகிறாள். பகலில் பத்து போர்டு என்றால் இரவில் பதினொன்றிலிருந்து. ஆனால் நாலையும் எட்டையும் விட்ட அக்கா பத்து போர்டிலேயே பன்னிரண்டு வரை போயிருப்பாள். பதினொன்றும் பன்னிரண்டும் இரண்டு முறை.

அக்காவிடம் காட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“உண்மையைச் சொல்லிரு அக்கா. பாவம் பெட்ரீசியா. மன்னிச்சுருவாங்க.”

“இது எந்த புஸ்தகத்துல படிச்ச?”

18 மார்ச்

சொல்லிவிட்டாள்.

சூப்பர்வைசர் மரியஜோசப் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: “ராசி பாத்து நம்பர் போட இது என்ன நாலு நம்பர் லாட்டரி கடையாம்மா?”

சிலர் சிரித்தார்களாம். அக்காவும் சேர்ந்து சிரித்தாளாம். ஏன் சிரிச்சே அக்கா?

20 மார்ச்

பினாங்குக்காரர்கள் இனி போர்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்கா, ஆ லியான், பெட்ரீசியா — மூவருக்கும் வேலை போய்விட்டது. பெட்ரீசியாவைக் காப்பாற்றத்தானே சொல்லச் சொன்னேன்? அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டினால் என்னவாம்.

24 மார்ச்

சித்தியவான் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்க ஆள் வேண்டுமாம். எல்லாரும் போகிறோம். அங்கே எனக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

28 மார்ச்

சீருடையைத் திருப்பிக் கொடுக்க அக்காவோடு போனேன். காவலர் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக, “அந்தக் கடைசி மேசைதான் எங்களோடது” என்று விரல் நீட்டிக் காட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ அந்த வரிசையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.