கணக்கில் ஒன்பது

1958 மே 6, செவ்வாய்

ஊறுகாய் ஜாடிக்குள் கடல் அட்டை. மாங்காய் என்று கரண்டியை விட்டேன், வழவழவென்று ஒன்று சுருண்டது. நான் போட்ட கூச்சல் மண்டபம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். பேத்தி சேதுலட்சுமி ஓடிவந்து முதலில் அட்டையைத்தான் பார்த்தாள், என்னை இல்லை. "பாவம் அப்பத்தா, பயந்துருக்கும்!"

நான் பயந்தது கணக்கில்லை போல.

என் மகன் சோணைமுத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் படகு ஓட்டுகிறான். பத்து வயதிலிருந்து இவள் அந்தப் படகில்தான் கிடந்தாள். மதுரையில் பி.எஸ்ஸி. முடித்தாயிற்று. இப்போது திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் கடல் உயிர்களைப் பற்றி மேல்படிப்பு படிக்க வேண்டுமாம். தூக்கத்தில்கூட அதே பேச்சு. இன்று விண்ணப்பத் தாள் வந்தது. அதை மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்தேன். மஞ்சள் பட்டால் செல்லாது என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 9, வெள்ளி

நிலையத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சதக்கத்துல்லா வந்து தாளை முழுக்கப் படித்துச் சொன்னார். வெளி மாநிலத்தாருக்கு இரண்டே இடம். போன வருடம் அறுபது பேர் கேட்டார்களாம். சேதுவின் முகம் தொங்கிவிட்டது. சோணைமுத்து, "அறுவதுல ரெண்டு... எம் மகளுக்குக் கெடைக்காதா?" என்று கேட்டுவிட்டு, தானே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அப்புறம் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ அந்த ஊரில் படித்திருந்தால் உள்ளூர்க்காரர்களோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின.

நான் பிறந்தது திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவில். அய்யா கருவாட்டு மொத்த வியாபாரி. இந்தக் கரையிலிருந்து சரக்குப் போன வழியிலேயே எனக்குச் சம்பந்தமும் வந்தது. நான் பிறந்தபோது அது வேறு ராஜ்ஜியம், இப்போது வேறு மாநிலம். நான் மட்டும் அதே பகவதி.

"பெரியம்மா, நீங்க அஞ்சாப்பு பாஸ்ல! எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார்.

"நினைவில்லையே தம்பி" என்றேன்.

மே 10, சனி

நினைவிருக்கிறது. வாசலில் நின்ற புன்னை மரம்கூட நினைவிருக்கிறது.

மே 14, புதன்

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன்.

நான் பாஸ் இல்லை. ஐந்தாம் வகுப்பு படித்தேன், அது நிஜம். பரீட்சையும் எழுதினேன். தமிழ் நன்றாக எழுதினேன். கணக்கில் கவுந்துட்டேன். நூற்றுக்கு ஒன்பது. அந்த ஒன்பதும் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. போதும் என்று அய்யா நிறுத்திவிட்டார்.

கல்யாணமாகி இங்கன வந்தபோது மாமியார் கேட்டாள், எவ்வளவு படித்திருக்கிறாய் என்று. "அஞ்சாப்பு பாஸ்" என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். நாற்பத்தைந்து வருடமாக இந்தத் தெருவுக்கே கடிதம் படிப்பவள் நான், தந்தி படிப்பவள் நான். ஓர்ப்படியாள் பஞ்சம்மாள் கைநாட்டு என்பதை அவளுக்கு ஒரு நாளும் நான் மறக்கவிட்டதில்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். சேது சின்னதில் கணக்குக்கு அழுதபோது, "ஒங்க அப்பத்தா கணக்குல மொத ஆளு, நீ ஏன்டி அழுவுற?" என்று சொல்லியிருக்கிறேனே! அந்தப் பிள்ளை அதை நம்பித்தானே படித்தது?

நகல் வந்தால் மதிப்பெண்ணும் சேர்ந்துதானே வரும்?

மே 17, சனி

விண்ணப்பம் போய்ச்சேர இம்மாதம் 31 கடைசி.

சேது ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. காலையில், கடல் பிராணிகளைப் போட்டு வைக்கும் தன் புட்டிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். "எடம் அடைக்குது அப்பத்தா, ஊறுகாய்க்கு வச்சுக்கங்க" என்றாள்.

பஞ்சம்மாள் மீன் ஆய்ந்துகொண்டே குத்தினாள்: "எம் புருசன் எந்த வருசம் எந்தச் சேலைய எடுத்துக் குடுக்கலன்னு சொல்லுவீக. படிச்ச பள்ளிக்கூடம் மட்டும் மறந்துபோச்சாக்கும்?"

அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மே 18, ஞாயிறு

இன்று விடிந்ததும் உட்கார்ந்து திருவனந்தபுரத்தில் இருக்கும் அண்ணன் மகன் ராமசுப்பிரமணியனுக்கு நானே கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடம் சாலையிலிருந்து கோட்டைக்குப் போகிற வழியில், வாசலில் புன்னை, என் பெயர், அய்யா பெயர், வருடம். உடனே நகல் வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, அத்தை மேல் ஆணை.

சேதுவிடம், "நினைவு வந்துருச்சுடி" என்றேன். என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

கழுவின புட்டிகளில் மறுபடி கடல் தண்ணீர்.

மே 23, வெள்ளி

தபால்காரர் வரவில்லை. வராவிட்டால் பயம், வந்தாலும் பயம். நல்ல பிழைப்பு.

மே 27, செவ்வாய்

வந்துவிட்டது.

சேதுவும் சோணைமுத்துவும் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் பஞ்சம்மாளும்தான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "வாசிங்கக்கா. ஒங்க பெருமைய நானும் கேக்குறேன்."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் என்ன படித்தாலும் அதுதான் அவளுக்குக் காகிதத்தில் இருப்பது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு மீதியைப் படித்திருக்கலாம். ஐந்தில் முதல் மாணவி என்றுகூடப் படித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் நாற்பது வருடம் அவளுக்கு வந்த கடிதம் ஒன்றையும் நான் மாற்றிப் படித்ததில்லை. அவள் அம்மா செத்த கடிதத்தைக்கூட உள்ளது உள்ளபடிதான் படித்தேன். இதை மட்டும் எப்படி மாற்றுவது?

படித்தேன். பெயர் பகவதி. தமிழ் எழுபத்தொன்று. மலையாளம் ஐம்பத்தெட்டு. கணக்கு ஒன்பது. தேறவில்லை.

அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஒம்போதா? நூத்துக்கா?"

"ஆமா."

"அதான் கருவாட்டுக் கட்டு எண்ணுறப்ப எல்லாம் 'ஏ பஞ்சம்மா, இங்கன வா'ன்னு கூப்புடுறீகளாக்கும்! நான் என்னமோ பாசம்னுல்ல நெனச்சேன்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மீனைப் பூனை கொண்டுபோனது.

சாயங்காலம் சேது வந்ததும் காகிதத்தை நீட்டினேன். படித்தாள், மறுபடி படித்தாள். "பொய் சொல்லிட்டேன்டி" என்றேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "ஆறாப்புல கணக்குல நான் பன்னெண்டு அப்பத்தா. ரிப்போர்ட்ல நானே ஒங்க கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டேன்."

திருட்டுக் கழுதை! பரம்பரை!

மே 28, புதன்

சதக்கத்துல்லா நகலை வைத்து உறையை ஒட்டினார். ஒன்பதைப் பார்த்தார், பார்க்காதவர் மாதிரி இருந்தார். நல்ல மனுஷர். "இன்ஷா அல்லாஹ் கெடைக்கும் பெரியம்மா. அவுக கேட்டது படிச்சீகளான்னுதான், பாஸான்னு கேக்கல" என்றார்.

ஜூன் 21, சனி

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

சோணைமுத்து படகிலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தான். நிலையத்துக்கு வந்த காகிதம் நனையாமல் தலைக்கு மேலே. பஞ்சம்மாள் தெருவெல்லாம் சீனி கொடுத்தாள், கூடவே செய்தியும் கொடுத்தாள்: "எங்க அக்கா பெயிலானதுனாலதான் புள்ளைக்கு எடம் கெடச்சுச்சு."

சொல்லட்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

சேதுவிடமிருந்து கடிதம். ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தாளாம். புன்னை மரம் இருக்கிறதாம். ஒரு காயை உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். விழிஞ்ஞம் கரையில் நம் பக்கம் இல்லாத நட்சத்திர மீன் பார்த்தாளாம், அதைப் பற்றி இரண்டு பக்கம். கடைசி வரியில் சின்ன எழுத்தில்: அங்கும் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது, முதல் பரீட்சையில் நாற்பத்தொன்று, அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

கடிதத்தைப் பஞ்சம்மாளுக்குப் படித்தேன். அந்த வரியையும் சேர்த்துத்தான்.

பதில் எழுதினேன்: "பயப்படாதே. என்னைவிட முப்பத்திரண்டு கூடுதல்."

உறையை ஒட்டுவதற்கு முன்னால் சரிதானா என்று பஞ்சம்மாளைக் கேட்டேன். அவள் புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒட்டுங்கக்கா" என்றாள்.