கப்பிகளைத் தின்றது யார்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

அப்பாடா. மிச்சமிருக்கும் கப்பிகளாவது இனிப் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வாரம் முழுக்க எங்கள் மீன் தொட்டியில் தினம் ஒரு கப்பி மீன் காணாமல் போனது. மகள் யாழினி அழுதே ஓய்ந்துவிட்டாள். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் டேங்க் கிளீனர் மீனின் மீதுதான் எனக்குச் சந்தேகம். அதன் மூஞ்சி அப்படி. நேற்று அதைப் பிடித்துத் தனியாக வாளியில் போட்டேன். இன்றைக்கும் ஒரு கப்பி குறைந்தது.

சாயங்காலம் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். போன மாதம் மாமனார் வாய்க்காலிலிருந்து அள்ளிவந்து விட்ட சிவப்புக் குஞ்சு, இப்போது விரல் நீளம் வளர்ந்து கறுத்துவிட்டது. அதன் வாயில் கப்பியின் வால்.

"மாமா, இது விராலா?"

"வெரால்தாம்மா. குஞ்சுல செகப்பா அழகா இருந்துச்சு. வேளாவேளைக்குத் தீனி போட்டா மத்ததைத் தொடாதுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில், "ராத்திரிக்குக் குழம்புல போட்டுடறேன்" என்றேன். விரால் குழம்பென்றால் உயிரை விடுகிற மனுஷன். "என் கையால தின்னு வளந்ததும்மா" என்று அதை வாளியில் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

டேங்க் கிளீனர் பழையபடி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழினி நிம்மதியாகத் தூங்குகிறாள். மாமாதான், "விட்டப்புறமும் போகலம்மா, என் காலையே சுத்திச் சுத்தி வந்துச்சு" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா விரால் கொண்டுவந்தால், அவர் காதில் விழுமுன் வாசலிலேயே வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.